லோட் செய்தால் ஓடுகிறது, கம்பைல் செய்தால் நிற்கிறது: லிஸ்பில் இன்டர்பிரெட்டர், கம்பைலர், லைப்ரரி ஏற்றம்

நிரல்வாசகன் எழுதியது:

காமன் லிஸ்ப் மொழியின் செயலாக்கங்களில் ஒன்றான எஸ்பிசிஎல்லில் ஒரு லாக் கோப்புப் பகுப்பான் எழுதி வருகிறேன். மூலக்கோப்பை லோட் கட்டளையால் நேரடியாக ஏற்றினால் எந்தக் குறையும் இன்றி ஓடுகிறது. அதே கோப்பைக் கம்பைல்-ஃபைல் கட்டளைக்குக் கொடுத்தால், நான் எழுதிய செயற்கூறு வரையறுக்கப்படவே இல்லை என்று பிழைச்செய்தி வருகிறது. சிக்கல் தரும் பகுதியைச் சுருக்கித் தருகிறேன். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டிஃபன் செயற்கூறை வரையறுக்கிறது; டிஃப்மேக்ரோ, நிரல் வரிகளை உருவாக்கித் தரும் மேக்ரோவை வரையறுக்கிறது; டிஃப்வார் மாறியை வரையறுக்கிறது.

(டிஃபன் புலப்பெயர் (முன்னொட்டு பெயர்)
  (இன்டர்ன் (ஃபார்மட் நில் "~ஏ-~ஏ" முன்னொட்டு பெயர்)))

(டிஃப்மேக்ரோ புலம்-வரையறு (முன்னொட்டு பெயர்)
  `(டிஃப்வார் ,(புலப்பெயர் முன்னொட்டு பெயர்) நில்))

(புலம்-வரையறு பதிவு நேரம்)

மூன்றாவது வடிவத்தில்தான், அதாவது மூன்றாவது அடைப்புக்குறிக் கோவையில்தான், கம்பைலர் நிற்கிறது. புலப்பெயர் என்ற செயற்கூறு அதற்கு மேலேயே, அதே கோப்பில், கண் முன்னால் இருக்கிறது. இதுபோக இன்னொரு தொல்லையும் உண்டு. கோப்பின் முதல் வரியில், குவிக்லிஸ்ப் என்ற கருவியின் குவிக்லோட் கட்டளை மூலம் அலெக்ஸாண்ட்ரியா லைப்ரரியை ஏற்றுகிறேன். லோட் செய்யும்போது அது வந்துவிடுகிறது, கம்பைல் செய்யும்போது அப்படி ஒரு பேக்கேஜே (பெயர்களின் தொகுதியே) இல்லை என்கிறது.

லோட் என்பது இன்டர்பிரெட்டர் (நிரலை இயந்திரக் குறியீடாக மாற்றாமல் நேரடியாக ஓட்டுவது) வழியாகச் செல்வதால் விட்டுக்கொடுத்துப் போகிறது, கம்பைலர் கறாராக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியானால் கம்பைல் செய்யாமலேயே விட்டுவிட்டால் வேகத்தில் எவ்வளவு இழப்பேன்?

அடைப்புக்குறி எழுதியது:

வேகத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அநேகமாக எதையும் இழக்க மாட்டீர்கள், ஏனென்றால் நீங்கள் இன்டர்பிரெட்டரைப் பயன்படுத்தவே இல்லை. எஸ்பிசிஎல்லின் இயல்பான அமைப்பில், நீங்கள் உள்ளிடும் ஒவ்வொரு வடிவமும், மிக எளிய சிலவற்றைத் தவிர, நினைவகத்திலேயே இயந்திரக் குறியீடாகக் கம்பைல் செய்யப்பட்ட பிறகுதான் இயங்குகிறது. ஐயம் இருந்தால் வெறும் ஒரு லாம்டாவை எழுதி, கம்பைல்டு-ஃபங்ஷன்-பி என்று கேட்டுப் பாருங்கள். மெய் என்று பதில் வரும். டிஸ்அசெம்பிள் கட்டளையைக் கொடுத்தால் செயலிக்குரிய கட்டளைகளே திரையில் வரிசையாக வரும்.

எனவே உங்கள் கோப்பு ஒரு வழியில் ஓடி மறுவழியில் நிற்பதற்குக் காரணம், எந்த வடிவம் எப்போது செயல்படுத்தப்படுகிறது என்பதுதான். மூலக்கோப்பை லோட் செய்யும்போது, லிஸ்ப் ஒரு வடிவத்தை வாசிக்கிறது, உடனே செயல்படுத்துகிறது, அதன் பிறகே அடுத்த வடிவத்தை வாசிக்கிறது. ஆகவே புலம்-வரையறு என்ற மேக்ரோ விரிவடையும் தருணத்தில் புலப்பெயர் ஏற்கெனவே உயிருள்ள செயற்கூறாக இருக்கிறது. கம்பைல்-ஃபைல் அப்படிச் செய்வதில்லை. அது கோப்பு முழுவதையும் வாசித்து மொழிபெயர்த்து, பிற்பாடு என்றோ ஒரு நாள் ஏற்றப்படப்போகும் ஃபாஸ்ல் கோப்பாக எழுதி வைக்கிறது. இடையில் எதையும் செயல்படுத்துவது அதன் வேலை அன்று. டிஃபன் வடிவத்தைக் கண்டால் "இப்படி ஒரு பெயர் வரப்போகிறது" என்று குறித்துக்கொள்கிறதே ஒழிய, அந்தச் செயற்கூறைக் கம்பைல் நேரத்தில் அழைக்கத்தக்கதாக ஆக்குவதில்லை. டிஃப்மேக்ரோ, டிஃப்பேக்கேஜ், இன்-பேக்கேஜ், டிக்ளெய்ம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் கம்பைல் நேரத்திலேயே விளைவு உண்டு என்று 1994-இன் ஆன்சி தரநிலை வகுத்திருக்கிறது. உங்கள் மேக்ரோ அந்தப் பட்டியலில் அடங்குகிறது. அது அழைக்கும் துணைச் செயற்கூறு அடங்கவில்லை. மேக்ரோவின் உடற்பகுதியோ கம்பைல் நேரத்திலேயே ஓடியாக வேண்டும்.

தீர்வு இரண்டு. துணைச் செயற்கூறை ஈவல்-வென் என்ற உறைக்குள் வைத்து, அதற்குக் கம்பைல்-டாப்லெவல், லோட்-டாப்லெவல், எக்ஸிக்யூட் என்ற மூன்று சூழல்களையும் கொடுக்கலாம். முதலாவது, கம்பைல்-ஃபைல் ஓடும்போதே செயல்படுத்தச் சொல்கிறது. இரண்டாவது, ஃபாஸ்ல் ஏற்றப்படும்போது செயல்படுத்தச் சொல்கிறது. மூன்றாவது, மூலக்கோப்பை நேரடியாக லோட் செய்வதற்கு உரியது. அல்லது, மேக்ரோக்களுக்குத் தேவையான துணைச் செயற்கூறுகளைத் தனிக் கோப்புக்கு மாற்றி, அதைக் கம்பைல் செய்து ஏற்றிய பிறகு அடுத்த கோப்பைக் கம்பைல் செய்யலாம். இரண்டு மூன்று செயற்கூறுகள் என்றால் உறை போதும். அதற்கு மேல் போனால் தனிக் கோப்பே நல்லது, ஏனென்றால் உறைகள் பெருகிய நிரலில் எது எப்போது ஓடுகிறது என்பதை எழுதியவருக்கே சொல்ல முடியாமல் போகும்.

ஓர் எச்சரிக்கை. மூலக்கோப்பை ஒருமுறை லோட் செய்துவிட்டு, அதே லிஸ்ப் அமர்வில் கம்பைல்-ஃபைல் கொடுத்தால் பிழை வராது. புலப்பெயர் அந்த அமர்வில் ஏற்கெனவே இருப்பதால் மேக்ரோ தடையின்றி விரிவடையும். நிரல் சரியாகிவிட்டது என்று நம்பி, அடுத்த நாள் புதிய அமர்வில் தொடங்கினால் பழைய பிழை அப்படியே நிற்கும். திருத்தம் பலித்ததா என்பதை எப்போதும் புதிதாகத் தொடங்கிய அமர்வில்தான் சோதிக்க வேண்டும்.

பைட்கோடு எழுதியது:

மேலுள்ள விளக்கம் எஸ்பிசிஎல்லுக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் இன்டர்பிரெட்டர், கம்பைலர் என்ற வேறுபாடே இல்லாதது போன்ற தோற்றம் வரக் கூடாது என்பதால் குறுக்கிடுகிறேன்.

சிலிஸ்ப் என்ற இன்னொரு செயலாக்கத்தில் நீங்கள் டிஃபன் எழுதினால் அது இன்டர்பிரெட் செய்யப்படும் செயற்கூறாகவே இருக்கும். பெயரைக் கொடுத்து அச்சிட்டால் உடற்பகுதி முழுவதும் பட்டியலாகவே தெரியும். கம்பைல் கட்டளையைக் கொடுத்த பிறகு அதே செயற்கூறு கம்பைல்டு-ஃபங்ஷன் என்று அச்சாகும், அப்போதும் அது இயந்திரக் குறியீடாக மாறுவதில்லை, பைட்கோடாகத்தான் (மெய்நிகர் இயந்திரத்துக்கான இடைநிலைக் குறியீடாகத்தான்) மாறுகிறது. வேறு செயலாக்கங்களில், ஈசிஎல் தன் கோப்புக் கம்பைலரில் சி மொழி வழியாகச் செல்கிறது, உரையாடல் சாளரத்தில் பைட்கோடைப் பயன்படுத்துகிறது. ஏபிசிஎல் ஜாவா மெய்நிகர் இயந்திரத்துக்குரிய குறியீட்டை உருவாக்குகிறது. லிஸ்ப்வொர்க்ஸிலும் அலெக்ரோவிலும் உரையாடல் சாளரத்தில் எழுதுவது இயல்பாக இன்டர்பிரெட்டரிடமே போகிறது. எஸ்பிசிஎல்லிலும் எவால்யுவேட்டர்-மோட் என்ற மாறியை மாற்றினால் இன்டர்பிரெட்டர் கிடைக்கும். ஒரே ஒரு முறை ஓடி முடியும் நீண்ட வடிவங்களைக் கம்பைல் செய்து நேரத்தை வீணாக்காமல் இருக்க அது பயன்படும்.

நடத்தையில் வேறுபாடு எங்கே தெரியும் என்றால், முதன்மையாக மேக்ரோக்களில். கம்பைல் செய்யப்பட்ட செயற்கூறில் மேக்ரோ ஒரே ஒரு முறை விரிந்து உறைந்துவிடுகிறது. மேக்ரோவின் வரையறையை நீங்கள் திருத்தினாலும், அதைப் பயன்படுத்திய பழைய செயற்கூறுகள் பழைய விரிவோடுதான் ஓடும். இன்டர்பிரெட்டரில், அது ஒவ்வொரு முறையும் விரிக்கும் வகையைச் சேர்ந்ததாக இருந்தால், திருத்தம் அடுத்த அழைப்பிலேயே தெரிந்துவிடும். இன்லைன் (அழைக்கும் இடத்திலேயே உடற்பகுதியைப் பதிப்பது) என்று அறிவிக்கப்பட்ட செயற்கூறுகளுக்கும் இதே கதைதான். எத்தனை முறை விரியும் என்பதற்குத் தரநிலை உறுதி தருவதில்லை என்பதால், விரியும்போது ஓர் எண்ணியைக் கூட்டுவது, பட்டியலில் சேர்ப்பது போன்ற பக்கவிளைவுள்ள மேக்ரோக்களை எழுதுபவர்கள் துன்பத்தைத் தேடிப் போகிறார்கள்.

கம்பைலர் கறாரானது என்ற பொதுக்கருத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. ஜான் மெக்கார்த்தி தாளில் எழுதிய ஈவல் என்ற செயற்கூறை ஸ்டீவ் ரசல் ஐபிஎம் 704 கணினியின் குறியீடாகக் கையாலேயே எழுதியபோதுதான் லிஸ்புக்கு முதல் இன்டர்பிரெட்டர் கிடைத்தது. 1962-இல் டிம் ஹார்ட்டும் மைக் லெவினும் லிஸ்பிலேயே ஒரு கம்பைலரை எழுதி, அதை இன்டர்பிரெட்டரில் ஓடவிட்டு, அதைக் கொண்டு அதையே கம்பைல் செய்தார்கள். ஆனால் அந்தக் காலத்து லிஸ்பிலும் பின்னர் வந்த மேக்லிஸ்பிலும், இன்டர்பிரெட்டரில் மாறிகள் இயங்குநேர வீச்செல்லை கொண்டவை, அதாவது அழைக்கப்படும் செயற்கூறுகளுக்கும் தெரிந்தவை. கம்பைல் செய்தாலோ, ஸ்பெஷல் என்று அறிவிக்கப்படாத மாறி அந்தச் செயற்கூறுக்குள் மட்டுமே தெரியும். அழைத்த செயற்கூறின் மாறியை அழைக்கப்பட்ட செயற்கூறு பார்த்துக்கொண்டிருந்த நிரல், கம்பைல் செய்த கணத்தில் வேறு பொருள் கொண்டுவிடும். அன்று "இன்டர்பிரெட்டரில் ஓடியது, கம்பைலரில் உடைந்தது" என்று சொன்னவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். 1975-இல் ஸ்கீமும், அதைப் பின்பற்றி 1984-இல் வெளிவந்த காமன் லிஸ்ப் வரையறையும் எழுத்துவழி வீச்செல்லையை (மாறி, அது எழுதப்பட்ட பகுதிக்குள் மட்டும் தெரிவதை) இரண்டுக்கும் பொதுவாக்கிய பிறகு அந்தப் பிளவு மூடப்பட்டது. எஞ்சியிருப்பது, அடைப்புக்குறி சொன்ன நேரக் கணக்குதான்.

நிரல்வாசகன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. புலப்பெயரைத் தனிக் கோப்புக்கு மாற்றி, புதிய அமர்வில் சோதித்தேன். முதல் சிக்கல் தீர்ந்தது. லைப்ரரிச் சிக்கல் அப்படியே இருக்கிறது. குவிக்லோட் வரியையும் அதைப் பயன்படுத்தும் வரியையும் பல வடிவங்களை ஒன்றாகக் கட்டும் ஒரே ப்ரோக்ன் வடிவத்துக்குள் வைத்துப் பார்த்தேன். இப்போது லோட் செய்தால்கூடப் பேக்கேஜ் இல்லை என்கிறது, அதாவது முன்பைவிட மோசமாகிவிட்டது.

சார்புமரம் எழுதியது:

ப்ரோக்ன் வடிவத்தில் நேர்வது கம்பைலரையும் இன்டர்பிரெட்டரையும் எட்டுவதற்கு முன்பே நேர்கிறது. அங்கே நிற்பது ரீடர், அதாவது எழுத்துகளை வாசித்து லிஸ்ப் வடிவங்களாக்கும் பகுதி. ஒரு வடிவத்தின் கடைசி அடைப்புக்குறி வரை முழுமையாக வாசித்து முடித்த பிறகுதான் அதைச் செயல்படுத்தும் பேச்சே எழும். அலெக்ஸாண்ட்ரியா, முக்காற்புள்ளி, ஃபிளாட்டன் என்று பேக்கேஜ் முன்னொட்டோடு ஒரு சின்னத்தை ரீடர் காணும்போது, அந்தப் பேக்கேஜ் அப்போதே நினைவகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சின்னத்தை உருவாக்க அதற்கு இடம் இல்லை. உங்கள் குவிக்லோட் அதே வடிவத்துக்குள் அடைபட்டு, இன்னும் ஓடாமல் காத்திருக்கிறது.

தனித்தனி வடிவங்களாக எழுதினால், லோட் அவற்றை ஒவ்வொன்றாக வாசித்துச் செயல்படுத்துவதால் பிழைத்துக்கொள்கிறது. கம்பைல்-ஃபைலில் குவிக்லோட் வெறும் ஒரு செயற்கூறு அழைப்பு. கம்பைல் நேரத்தில் அது ஓடாது, ஆகவே அடுத்த வடிவத்தில் ரீடர் திகைத்து நிற்கிறது. லைப்ரரியை ஏற்றும் ரெக்வயர் என்ற பழைய கட்டளைக்கும் இதே நிலைதான். அதைத் தரநிலையே கைவிடத்தக்கதாகக் குறித்திருக்கிறது, இருந்தும் ஒவ்வொரு செயலாக்கமும் அதைத் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டிருக்கிறது.

ஈவல்-வென் உறைக்குள் குவிக்லோடை வைத்தால் பிழை மறையும். ஆனால் அப்போதும் மூன்று சூழல்களையும் கொடுக்க வேண்டும். கம்பைல் நேரச் சூழலை மட்டும் கொடுத்தால் கம்பைல் வெற்றிகரமாக முடியும். பிறகு புதிய அமர்வில் ஃபாஸ்லை ஏற்றும்போது நிற்கும், ஏனென்றால் ஃபாஸ்லுக்குள் சின்னங்கள் பேக்கேஜ் பெயரோடு சேர்த்துத்தான் எழுதி வைக்கப்படுகின்றன, ஏற்றும்போது லிஸ்ப் அந்தப் பேக்கேஜை மறுபடியும் தேடுகிறது.

இருந்தாலும், மூலக்கோப்புக்குள் குவிக்லோட் எழுதுவதை நான் ஏற்பதில்லை. ஒரு கோப்பைக் கம்பைல் செய்யும் செயல், இணையத்துக்குப் போய் எதையோ பதிவிறக்கும் செயலாக மாறக் கூடாது. குவிக்லிஸ்ப், 2010-இல் சேக் பீன் வெளியிட்ட நாள் முதலாக, லைப்ரரிகளைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து சேர்க்கும் கருவி. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது, எந்த வரிசையில் கம்பைல் செய்து ஏற்ற வேண்டும் என்பது ஏஎஸ்டிஎஃப் என்ற கட்டுமானக் கருவியின் பொறுப்பு. ஏஎஸ்டி என்ற நீட்சியோடு ஒரு சிறு கோப்பை எழுதி, அதில் டிபென்ட்ஸ்-ஆன் என்ற இடத்தில் அலெக்ஸாண்ட்ரியாவையும், காம்போனென்ட்ஸ் என்ற இடத்தில் உங்கள் கோப்புகளையும் கொடுத்து, சீரியல் என்பதை மெய்யாக்கிவிடுங்கள். அதன் பிறகு உரையாடல் சாளரத்தில் உங்கள் சிஸ்டத்தின் (அந்த ஏஎஸ்டி கோப்பு விவரிக்கும் தொகுப்பின்) பெயரைக் குவிக்லோடுக்குக் கொடுத்தால் போதும். ஏஎஸ்டிஎஃப் முதலில் சார்புகளை ஏற்றும், பிறகு முதல் கோப்பைக் கம்பைல் செய்து ஏற்றும், அதன் பிறகே இரண்டாவதைத் தொடும். துணைச் செயற்கூறைத் தனிக் கோப்பில் வைக்கும் தீர்வு எடுபடுவதற்குக் காரணமும் இந்த வரிசைதான்.

பைட்கோடு சொன்ன உறைந்த மேக்ரோவையும் ஏஎஸ்டிஎஃப் பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறது. ஒரு கோப்பு மாறினால், அதைச் சார்ந்த கோப்புகளையும் அது மறுபடி கம்பைல் செய்யும். சீரியல் கொடுத்திருந்தால் மாறிய கோப்புக்குப் பின்னால் வருபவை எல்லாம் மறுபடி கம்பைல் ஆகும். சற்று வீண் வேலைதான், ஆனால் பழைய விரிவோடு ஓடும் செயற்கூறைத் தேடி மாலைப்பொழுதை இழப்பதைவிட மேல்.

அது உருவாக்கும் ஃபாஸ்ல் கோப்புகள் மூலக்கோப்புக்கு அருகில் கிடக்காது. உங்கள் முகப்பு அடைவின் கேஷ் பகுதியில், செயலாக்கத்தின் பெயர், பதிப்பு, இயங்குதளம், செயலி வகை ஆகியவற்றைக் கொண்ட அடைவுக்குள் போய்ச் சேரும். ஒரு பதிப்பு எஸ்பிசிஎல் உருவாக்கிய ஃபாஸ்லை இன்னொரு பதிப்பு ஏற்க மறுத்துவிடும் என்பதால் இந்தப் பிரிப்பு தேவையாகிறது. ஃபாஸ்லை நண்பருக்கு அனுப்பி "இதை ஓட்டிப் பார்" என்று சொல்ல முடியாததும் இதனால்தான்.

ஈமாக்ஸ்வாசி எழுதியது:

காமன் லிஸ்பைப் பற்றிய பேச்சில் ஈமாக்ஸ் எடிட்டரின் லிஸ்பைக் கொண்டுவருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இதே கோளாறு அங்கே வேறு முகத்தோடு வருகிறது. நீட்சி இல்லாமல் கோப்பின் பெயரைக் கொடுத்தால், ஈமாக்ஸின் லோட் கம்பைல் செய்யப்பட்ட இஎல்சி கோப்பையே முதலில் எடுக்கும். மூலக்கோப்பு அதைவிடப் புதிதாக இருந்தாலும் பழையதைத்தான் ஏற்றுகிறது. பழைய கோப்பைப் பயன்படுத்துகிறேன் என்று ஒரு செய்தியை மட்டும் காட்டும், அது நொடியில் மறைந்துவிடும். திருத்தியது ஏன் நடப்புக்கு வரவில்லை என்று தேடுபவர்கள் லோட்-ப்ரிஃபர்-நியூவர் என்ற மாறியை மெய்யாக்கி வைத்துக்கொள்வது நல்லது. 28-ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2022 முதல், இயந்திரக் குறியீடாகவே கம்பைல் செய்யும் வசதியும் வந்துவிட்டதால், ஒரே மூலக்கோப்புக்கு மூன்று வடிவங்கள் இருக்க வாய்ப்புண்டு. காமன் லிஸ்பில் நீட்சி இல்லாமல் லோட் செய்தால் எது எடுக்கப்படும் என்பது அந்தந்தச் செயலாக்கத்தின் முடிவு, எனவே நீட்சியோடு கொடுத்துப் பழகுங்கள்.

நிரல்வாசகன் எழுதியது:

ஏஎஸ்டி கோப்பு எழுதிவிட்டேன், லைப்ரரி வருகிறது. ஆனால் விசித்திரமான ஒன்று நடக்கிறது. புலங்களின் பட்டியலை டிஃப்கான்ஸ்டன்ட் மூலம் மாறிலியாக வைத்திருக்கிறேன். முதல் முறை சிஸ்டத்தை ஏற்றும்போது, மாறிலி வேறு மதிப்புக்கு மாற்றப்படுகிறது என்று பிழை வருகிறது. லிஸ்பை மூடிவிட்டு மறுபடி தொடங்கி ஏற்றினால், எதையும் திருத்தாமலேயே ஓடுகிறது. மதிப்பை நான் எங்கும் மாற்றவில்லை.

அடைப்புக்குறி எழுதியது:

இந்த இழையின் கருப்பொருளுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

முதல் முறை, அந்த அமர்வு இரண்டு வேலைகளைச் செய்கிறது. கம்பைல்-ஃபைல் ஓடும்போது எஸ்பிசிஎல் மாறிலியின் மதிப்பைக் கணித்து, ஒரு பட்டியலை அதற்குக் கட்டிவிடுகிறது. அடுத்து, அப்போதுதான் உருவான ஃபாஸ்லை அதே அமர்வில் ஏற்றுகிறது. ஃபாஸ்ல் தன்னுள் எழுதி வைத்ததைக் கொண்டு புதிதாக ஒரு பட்டியலைக் கட்டுகிறது. இரண்டு பட்டியல்களிலும் உள்ளடக்கம் ஒன்றுதான், ஆனால் அவை நினைவகத்தில் வெவ்வேறு பொருள்கள். டிஃப்கான்ஸ்டன்ட் கேட்பது ஈக்யூஎல் ஒப்பீட்டில் சமமான மதிப்பை. உள்ளடக்கச் சமம் அதற்குப் போதாது. எனவே மாறிலியை மாற்ற முயல்கிறீர்கள் என்று அது கருதுகிறது. இரண்டாம் முறை, ஃபாஸ்ல் கேஷில் ஏற்கெனவே இருப்பதால் கம்பைல் வேலை நடக்கவில்லை. பட்டியல் ஒரே ஒரு முறைதான் கட்டப்பட்டது, முரண்பாட்டுக்கு இடமில்லை.

மூலக்கோப்பைப் புதிய அமர்வில் ஒருமுறை லோட் செய்தாலும் பிழை வராது, இருமுறை லோட் செய்தால் வரும். எண்கள், எழுத்துகள், சின்னங்கள் ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. பட்டியல், சரம், அணி ஆகியவற்றை, மாற்றத்தக்க மாறியை உருவாக்கும் டிஃப்பராமீட்டர் கொண்டு வரையறுத்துவிடுங்கள்; மாறிலியாகவே வேண்டும் என்றால் அலெக்ஸாண்ட்ரியாவில் டிஃபைன்-கான்ஸ்டன்ட் என்ற மேக்ரோ இருக்கிறது, அதற்கு ஒப்பீட்டுச் செயற்கூறாகப் பட்டியலுக்கும் சரத்துக்கும் ஈக்வலையும், அணிக்கு ஈக்வல்பியையும் கொடுக்கலாம். லைப்ரரி எழுதுபவர்களில் சிலர் இந்தப் பிழையைக் கவனிக்காமலேயே வெளியிட்டுவிடுவதற்குக் காரணம், அவர்களுடைய கணினியில் ஃபாஸ்ல் எப்போதோ உருவாகிவிட்டிருப்பதுதான். வெளியிடும் முன் கேஷை அழித்துவிட்டு ஒருமுறை ஏற்றிப் பார்ப்பது அவசியம் என்பேன்.

நிரல்வாசகன் எழுதியது:

இப்போது சுத்தமாக ஏறுகிறது. கடைசியாக ஒன்று: இந்தப் பகுப்பானை மற்ற நிரல்கள் அடிக்கடி அழைக்கப்போகின்றன. ஒவ்வொரு முறையும் எல்லா லைப்ரரிகளையும் ஏற்றிக்கொண்டிருந்தால், ஒரு சிறு கோப்பைப் பகுக்கும் நேரத்தைவிட ஏற்றும் நேரம் அதிகமாகிறது.

சார்புமரம் எழுதியது:

அப்படியானால் ஏற்றும் வேலையை ஒரே ஒரு முறை செய்து முடித்துவிடுங்கள். சிஸ்டம் முழுவதையும் ஏற்றிய பிறகு சேவ்-லிஸ்ப்-அண்ட்-டை என்ற கட்டளையைக் கொடுத்தால், எஸ்பிசிஎல் தன் நினைவகத்தின் நிலையை அப்படியே கோப்பாக எழுதிவிட்டு முடிந்துவிடும். எக்ஸிக்யூட்டபிள் என்பதை மெய்யாக்கி, தொடக்கச் செயற்கூறின் பெயரை டாப்லெவல் என்ற இடத்தில் கொடுத்தால், நேரடியாக ஓடும் நிரலாகவே கிடைக்கும். ஃபாஸ்லைத் தேடுவது, பதிப்பை ஒப்பிடுவது, பேக்கேஜைக் கண்டுபிடிப்பது எதுவும் தொடங்கும்போது நடக்காது. கம்பைலரும் அதற்குள்ளேயே இருப்பதால் கோப்பின் அளவு பெரிதாக இருக்கும். அதை இந்த வசதிக்கான விலையாக ஏற்க வேண்டியதுதான்.

மூன்று இடங்களில் கவனம் வேண்டும். எழுதும் நேரத்தில் வேறு இழைகள் (த்ரெட்கள்) ஓடிக்கொண்டிருந்தால் கட்டளை மறுத்துவிடும், ஆகவே எடிட்டரோடு இணைந்திருக்கும் அமர்விலிருந்து செய்யாமல், தனியாக ஒரு கட்டளைவரி அமர்வில் செய்யுங்கள். மற்றொன்று, சி மொழி லைப்ரரி எதையாவது சிஎஃப்எஃப்ஐ (லிஸ்பிலிருந்து சி நிரல்களை அழைக்க உதவும் லைப்ரரி) வழியாக ஏற்றியிருந்தால், அதன் குறியீடு அந்தக் கோப்புக்குள் போகாது; நிரல் தொடங்கும்போது அந்தப் பகிர்வு லைப்ரரியை மறுபடியும் திறக்க முயலும், எனவே ஓடப்போகும் கணினியிலும் அது இருக்க வேண்டும். மேலும், டிஃப்பராமீட்டர் மூலம் தொடக்க மதிப்பாக நேரத்தையோ சூழல் மாறியையோ வாங்கி வைத்திருந்தால், அது நீங்கள் கோப்பை எழுதிய கணத்தின் மதிப்பாகவே உறைந்திருக்கும். அத்தகைய மதிப்புகளைத் தொடக்கச் செயற்கூறுக்குள் வைத்து நிரப்புங்கள்.